பல்கலைக்கழக விளையாட்டரங்கில் ஒரு காலை: ஓட்டமும் காற்பந்தும் சேர்ந்த விளையாட்டு நாளை நடத்த முழுமையான வழிகாட்டி

சங்கத்தின் விளையாட்டு நாள் பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாணவர் மன்றமாக இருக்கலாம், முன்னாள் மாணவர் குழுவாக இருக்கலாம், ஊர்ச் சங்கமாக இருக்கலாம். இடம் சிங்கப்பூரின் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள திறந்தவெளி அரங்கம்: நடுவில் காற்பந்துத் திடல், சுற்றி 400 மீட்டர் ஓட்டத் தடம், ஒரு பக்கம் பார்வையாளர் படிகள்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். போட்டிப் பட்டியலை முதலில் எழுதிவிடுகிறார்கள், அதற்கேற்ற திடலை அப்புறம் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். திடலையும் தடத்தையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் போட்டியை வைக்கலாம், எதை எப்போது வைக்கலாம் என்பதைத் தரையும் வானமும் சேர்ந்து முடிவு செய்துவிடும்.

சுமார் 150 முதல் 200 பேர், ஒரு ஞாயிறு காலை, 11.30 மணிக்குள் எல்லாம் முடிவது என்ற அளவை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

1. தேதியைப் பிடிக்கும் முன் மூன்று நாள்காட்டிகளைப் பாருங்கள்

முதலாவது, பல்கலைக்கழகத்தின் கல்வி நாள்காட்டி. ஆகஸ்டில் தொடங்கும் பருவமும் ஜனவரியில் தொடங்கும் பருவமும் விடுதிகளுக்கு இடையிலான போட்டிகளாலும் பல்கலைக்கழக அணிகளின் பயிற்சியாலும் நிரம்பியிருக்கும். தேர்வு வாரங்களில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைப்பது கடினம். வெளியார் நுழைய வசதியான காலம் மே நடுப்பகுதி முதல் ஜூலை வரையிலான விடுமுறை, அடுத்தது டிசம்பர்.

இரண்டாவது, வானம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை நாள் முழுக்கக் கொட்டக்கூடும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் ஆகியவை பருவக்காற்று மாறும் மாதங்கள். பிற்பகல் இடிமழைக்குப் பேர்போனவை. ஜூன், ஜூலையில் விடியற்காலையில் 'சுமத்ரா' காற்றுமழை திடீரென்று வந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். ஆக, மழைக்கு முழுவதும் தப்பிய மாதம் என்று இங்கே ஒன்றும் கிடையாது. தேதியோடு சேர்த்து மாற்றுத் திட்டமும் வேண்டும்.

மூன்றாவது, நம் மக்களின் நாள்காட்டி. பொங்கல், தைப்பூசம், தீபாவளியை ஒட்டிய வாரங்களைத் தவிர்ப்பது எல்லாருக்கும் தோன்றும். ரமலான் நோன்பு மாதம் பலருக்கு மறந்துபோகும். நோன்பு வைத்திருக்கும் ஒரு சகோதரரை வெயிலில் 1,600 மீட்டர் ஓடக் கூப்பிடுவது முறையாகாது.

2. எதைப் பதிவு செய்கிறீர்கள் என்று தெளிவாகக் கேளுங்கள்

திடலைப் பதிவு செய்தால் தடமும் சேர்ந்து கிடைத்துவிடும் என்று நினைப்பது மிகப் பெரிய தவறு. பல அரங்குகளில் நடுத்திடல் ஒரு பதிவு, சுற்றியுள்ள தடம் தனிப் பதிவு. தடம் தனியாக உங்களுக்கு ஒதுக்கப்படாவிட்டால், நீங்கள் 100 மீட்டர் ஓட்டத்துக்குக் கொடி தூக்கும்போது ஒரு பேராசிரியர் தன் வழக்கமான மெல்லோட்டத்தில் குறுக்கே வந்துகொண்டிருப்பார். அவர் மேல் தவறு இல்லை.

பல்கலைக்கழக வசதிகள் முதலில் அங்குள்ள மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் உரியவை. வெளி அமைப்பு நேரடியாக விண்ணப்பிப்பதைவிட, அங்குள்ள மாணவர் அமைப்புடன் இணைந்து நடத்துவது எளிது. அதற்காகப் பெயரை மட்டும் கடன் வாங்காதீர்கள். சேதம் என்று வந்தால் அந்த மாணவர்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும். யார் பொறுப்பு, பொதுப் பொறுப்புக் காப்புறுதியை யார் எடுப்பது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்திடம் எழுதிக் கேட்க வேண்டியவை: தடம் முழுவதும் நமக்கா, எத்தனை பாதைகள் நமக்கு, எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், ஆணிக் காலணி போடலாமா, போட்டால் ஆணி எவ்வளவு நீளம், சிறிய கோல் கம்பங்கள் உண்டா, கழிவறையும் உடைமாற்றும் அறையும் ஞாயிறன்று திறந்திருக்குமா, மின்னல் எச்சரிக்கை ஒலி உண்டா, அது ஒலித்தால் எந்தக் கட்டடத்துக்குள் போகலாம், ஆம்புலன்ஸ் எந்த வாயில் வழியாக வரும். கடைசி மூன்றுக்கும் பதில் வராமல் முன்பணம் கட்டாதீர்கள்.

ஆணி நீளம் பற்றி ஒரு வார்த்தை. உலகத் தடகள விதி ஓட்டத்துக்கு 9 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. அரங்கத்தின் சொந்த விதி அதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். செயற்கைத் தடத்தின் கனமே சுமார் 13 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால் காரணம் புரியும்.

3. நேரில் போய்த் தடத்தின் கோடுகளைப் படியுங்கள்

வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி இதுதான், அவசரப்படாமல் படியுங்கள். நிகழ்ச்சிக்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பு, அளவு நாடாவும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டு ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.

சாதாரண 400 மீட்டர் தடத்தில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர், ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். 400 மீட்டர் என்பது முதல் பாதைக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாம் பாதையில் ஒரு சுற்று ஓடினால் 7.04 மீட்டர் கூடும், அப்புறம் ஒவ்வொரு பாதைக்கும் ஏறக்குறைய 7.67 மீட்டர். எட்டாம் பாதையில் ஒரு சுற்று 453 மீட்டர் வந்துவிடும்.

எல்லாத் தூரங்களுக்கும் முடிவுக் கோடு ஒன்றே. பார்வையாளர் படிகளுக்கு முன்னால், நேர்ப்பகுதி முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் இருக்கும். முதலில் அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஓடும் திசைக்கு எதிராக நடங்கள். ஓட்டம் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், இடக்கை உட்புறம் இருக்கும்படி சுற்றும். எதிராக நடந்து போகும்போது ஒவ்வொரு தொடக்கக் கோடும் வரிசையாகத் தென்படும்.

100 மீட்டர். நேர்ப்பகுதி 84.39 மீட்டர்தான் என்பதால் வளைவைத் தாண்டி நேராக நீட்டப்பட்ட ஒரு துண்டில் இந்தக் கோடு இருக்கும். அதே துண்டில் 10 மீட்டர் பின்னால் இன்னொரு கோடு இருக்கிறது. அது 110 மீட்டர் தடையோட்டத்துக்கு உரியது. கடைசியில் இருப்பதுதான் 100 என்று நினைத்து அங்கே எல்லாரையும் நிறுத்திவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓட்டம் நியாயமாகத்தான் நடக்கும், எல்லாரும் ஒரே தூரம் ஓடியிருப்பார்கள், ஆனால் நேரப் பதிவு முழுவதும் வீண்.

200 மீட்டர். எதிர்ப்புற நேர்ப்பகுதி முடிந்து இரண்டாம் வளைவு தொடங்கும் இடம். இங்கே கோடுகள் படிப்படியாக முன்னால் நகர்ந்திருக்கும். இரண்டாம் பாதை முதலாம் பாதையைவிட 3.52 மீட்டர் முன்னே, எட்டாம் பாதை 26.51 மீட்டர் முன்னே. இந்தக் கோடுகளைத் தேடாமல் எல்லாரையும் ஒரே நேராக நிறுத்தினால் எட்டாம் பாதைக்காரர் 26 மீட்டர் கூடுதலாக ஓடுகிறார் என்று பொருள்.

அதே சமயம், கோடுகள் சரியாக இருந்தாலும் சண்டை வரும். வேகமாக ஓடக்கூடிய மகனின் அப்பா ஒருவர் நிச்சயம் கேட்பார்: "தம்பி, அந்தப் பையனை மட்டும் ஏன் இவ்வளவு முன்னாடி நிறுத்தியிருக்கீங்க? இது நியாயமா?" கேள்வி வரட்டும் என்று காத்திருக்காமல், 200 மீட்டருக்கு முன்பு ஒலிபெருக்கியில் இரண்டே வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள்: வெளிப்பாதையில் வளைவு நீளம், அதைச் சரிக்கட்டத்தான் அவர்கள் முன்னால் நிற்கிறார்கள், கடைசி நேர்ப்பகுதிக்குள் நுழையும்போது எல்லாருக்கும் மிச்சம் ஒரே தூரம்தான்.

நீள ஓட்டம். 1,500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. தொடக்கம் முடிவுக் கோட்டில் இல்லை, அதைத் தாண்டி முதல் வளைவு முடிவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. சங்க விளையாட்டு நாளுக்கு 1,500 வேண்டாம் என்பது என் கருத்து. 1,600 வையுங்கள். முடிவுக் கோட்டில் வளைந்த ஒரு கோடு இருக்கும், அங்கே தொடங்கி அங்கேயே முடியும், சரியாக நான்கு சுற்று. ஓடுபவர்களுக்கும் எண்ணுபவர்களுக்கும் குழப்பம் இல்லை.

தொடர் ஓட்டம். நால்வர் 100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் கோல் (ஓடுபவர் கையில் உள்ள தடி) மாற்றும் பகுதி 30 மீட்டர் நீளம். பெரும்பாலான தடங்களில் மஞ்சள் குறிகளால் காட்டியிருப்பார்கள். நீலக் குறிகள் நால்வர் 400 மீட்டருக்கு உரியவை, அங்கே யாரையும் நிறுத்தாதீர்கள். பழைய தடமாக இருந்தால் 20 மீட்டர்ப் பகுதியும் அதற்கு முன்னால் ஒரு தனிக் குறியும் இருக்கலாம். அப்படியிருந்தால் அந்த முன்குறியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள், 30 வந்துவிடும்.

நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு கோட்டையும் படம் எடுத்து, படத்தின் மேலேயே தூரத்தை எழுதி, தொண்டூழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். அன்று காலை யாரும் யாரையும் தேடி ஓட வேண்டியிருக்காது.

4. எந்தத் தரையில் எது

தடத்தில் ஓட்டம் மட்டும். கயிறிழுக்கும் போட்டியைத் தடத்திலோ செயற்கைப் புல்லிலோ வைக்காதீர்கள். பதினாறு பேர் குதிகாலை ஊன்றி இழுக்கும்போது புல்விரிப்பின் தையல் பிரியும். அரங்கத்துக்கு வெளியே இயற்கைப் புல்தரை இருந்தால் அனுமதி கேட்டு அங்கே வையுங்கள். சாக்கு ஓட்டமும் புல்லில்தான். தடத்தில் விழுந்தால் முட்டித் தோல் உரிந்துவிடும். உறியடி வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். பானைச்சில்லு ஒன்று புல்லுக்குள் தங்கினாலும் அடுத்த வாரம் யாரோ ஒரு மாணவர் அதன் மேல் சறுக்கி விழுவார். அதைப் பொங்கல் விழாவுக்கு ஒதுக்கிவையுங்கள்.

கூடாரத்துக்கு ஆணி அடிக்கக் கூடாது, மணல்மூட்டை வைத்து நிறுத்துங்கள். மார்பு எண்ணுக்குக் குண்டூசியும் வேண்டாம். ஒட்டும் தாள் போதும். செயற்கைப் புல்லில் விழுந்த ஊசியைத் தேடிக் கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

இனி காற்பந்து. 105க்கு 68 மீட்டர்த் திடல் இந்தத் தடத்துக்குள் அடங்கும், ஆனால் இறுக்கமாக. கணக்குப் போட்டுப் பார்த்தால் மூலைக்கொடிக்கும் தடத்தின் உள்விளிம்புக்கும் இடையே ஏறக்குறைய 1 மீட்டர்தான் மிஞ்சும். மூலை உதைக்கு ஓடிவருபவரின் கால் தடத்தில்தான் பதியும். காற்பந்துக் காலணியின் குமிழ்கள் தடத்தைக் கிழிக்கும், தடத்தின் ஓரக் கட்டையில் வழுக்கவும் செய்யும். முழுத் திடலில் ஆடாமல், குறுக்கே இரண்டாகப் பிரித்து எழுவர் ஆட்டமாக வைத்தால் இந்தத் தொல்லை தீரும். ஒவ்வொரு பாதியிலும் 60க்கு 45 மீட்டர் அளவில் கோன்களை வைத்து எல்லை குறித்தால் நான்கு பக்கமும் இடம் மிஞ்சும்.

வீரர்கள் காலணியைக் கையில் எடுத்துவந்து திடலோரத்தில் மாட்டிக்கொள்ளட்டும். தடத்தைக் கடக்க ஒரே ஒரு வழி வைத்து அங்கே ரப்பர் பாய் விரியுங்கள். நகர்த்தக்கூடிய கோல் கம்பங்களின் பின்சட்டத்தில் மணல்மூட்டை கட்டாயம். கம்பத்தில் தொங்கி விளையாடும் பிள்ளைகள் மேல் அது கவிழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

5. நேர வரிசை: காற்பந்தை முன்னால் வையுங்கள்

எல்லாரும் வழக்கமாகச் செய்வது: காலையில் ஓட்டங்கள், கடைசியில் விறுவிறுப்பாகக் காற்பந்து. நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன்.

100 மீட்டர் ஓட்டம் பதினைந்து, இருபது வினாடியில் முடிகிற காரியம். அதை 10 மணி வெயிலில் ஓடலாம். காற்பந்து அப்படியில்லை, 24 நிமிடம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். செயற்கைப் புல் வெயிலில் காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறும். 11 மணிக்குக் குனிந்து கை வைத்துப் பார்த்தால் தெரியும், வைத்த கையை எடுத்துவிடுவீர்கள். ஆகவே உடலை அதிக நேரம் வருத்தும் போட்டி எதுவோ அது முதலில்.

இன்னொரு காரணம், காற்பந்தும் ஓட்டமும் ஒரே நேரத்தில் நடக்கவே கூடாது. பந்து தடத்துக்குள் உருண்டுவந்தால் முழு வேகத்தில் ஓடுபவருக்கு அது தெரியாது, கணுக்கால் போய்விடும்.

நான் பரிந்துரைக்கும் வரிசை:

7.15 – 1,600 மீட்டர். சூரியன் 7 மணியை ஒட்டித்தான் உதிக்கும், குளிர்ச்சி இருக்கும்.
7.45 முதல் 9.15 – காற்பந்து. நான்கு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் மோதும், மொத்தம் 6 ஆட்டங்கள். இரண்டு பாதித் திடல்களிலும் ஒரே நேரத்தில் ஆடினால் மூன்று சுற்று. பாதிக்கு 12 நிமிடம், மாற்றத்துக்கு 6 நிமிடம், சுற்றுக்கு அரை மணி நேரம்.
9.20 – சிறுவர் ஓட்டங்கள்.
9.45 – 100 மீட்டர் தகுதிச் சுற்றுகள். 40 பேர் என்றால் 5 சுற்று, சுற்றுக்கு 4 நிமிடம்.
10.10 – 200 மீட்டர்.
10.30 – வெளிப் புல்தரையில் குடும்ப விளையாட்டுகள், முடிந்தவரை மர நிழலில்.
10.50 – 100 மீட்டர் இறுதி.
11.05 – நால்வர் தொடர் ஓட்டம்.
11.20 – கூரைக்கு உள்ளே பரிசு.

காற்பந்தில் இறுதியாட்டம் வைக்காதீர்கள். புள்ளிக் கணக்கில் முதலிடம் பெறுபவரே வெற்றியாளர். இறுதியாட்டம் என்று ஒன்று வந்தால் கூடுதல் நேரம், பெனால்டி என்று நீண்டு ஓட்டங்களைத் தின்றுவிடும். அப்படியும் ஆர்வம் குறையாது, கடைசி இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் நடப்பதால் பக்கத்துத் திடலின் கோல் கணக்கைக் கேட்டுக்கொண்டே ஆடுவார்கள்.

6. ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இருபது தொண்டூழியர்கள் போதும், ஆனால் ஒருவருக்கு ஒரு வேலைதான். ஓட்டத்துக்குத் தொடக்கக் கொடி ஒருவர், வரிசைப்படுத்த இருவர், நேரம் பார்க்க மூவர், வரும் இடத்தைக் குறிக்க இருவர், எழுத ஒருவர். காற்பந்துக்கு நடுவர் இருவர், ஆளுக்கொரு உதவியாளர். பதிவு மேசை, தண்ணீர், முதலுதவி, அறிவிப்பு தனித்தனி.

இவர்கள் அனைவருக்கும் மேலாக ஒரே ஒருவருக்கு 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரத்தைக் கொடுங்கள். மின்னலோ மயக்கமோ என்றால் அவர் சொன்னதே முடிவு, தலைவரோ சிறப்பு விருந்தினரோ அதை மாற்ற முடியாது. இதை முன்கூட்டியே குழுக் கூட்டத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று காலை பேசி முடிவெடுக்க நேரம் இருக்காது.

7. மின்னல், வெப்பம், புகைமூட்டம்

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாள்களுக்கு மேல் இடி இடிக்கிறது. சுற்றிலும் உயரமாக எதுவும் இல்லாத திடலின் நடுவில் நிற்கும் மனிதர்தான் அங்கே உயரமான பொருள். எச்சரிக்கை ஒலி கேட்டதும் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் நிற்க வேண்டும். "இந்த ஒரு மூலை உதையோட முடிச்சிடலாம் அண்ணே" என்பார்கள், கேட்காதீர்கள்.

பார்வையாளர் படிகளின் கூரை மழைக்குத்தான் பாதுகாப்பு. பக்கம் திறந்த கொட்டகையும் கூடாரமும் மின்னலுக்கு ஆகாது. சுவர்கள் உள்ள கட்டடத்துக்குள் போக வேண்டும், அதனால்தான் எந்தக் கட்டடம் என்று பதிவின்போதே கேட்கச் சொன்னேன். எச்சரிக்கை விலகியதாக நிர்வாகம் சொல்லும்வரை காத்திருங்கள். அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத இடத்தில், கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம்.

எதை வெட்டுவது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். அரை மணி நேரம் போனால் 200 மீட்டரை விட்டுவிட்டு 100 மீட்டர் இறுதிக்குப் பதிலாகத் தகுதிச் சுற்று நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் போனால் காற்பந்தின் மூன்றாம் சுற்றும் போகட்டும். சிறுவர் ஓட்டத்தையும் தொடர் ஓட்டத்தையும் கடைசிவரை காப்பாற்றுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் அந்த இரண்டுக்காகத்தான் விடியற்காலையில் எழுந்து வந்திருக்கும்.

வெப்பத்துக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் 'மைஇஎன்வி' (myENV) செயலியில் வெப்ப அழுத்த அளவு கிடைக்கும். காற்றின் ஈரம், வெயில், காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட அளவு அது. சாதாரண வெப்பநிலையைவிட அதையே நம்புங்கள். 31 டிகிரிக்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். 31ஐத் தாண்டினால் காற்பந்தில் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் தண்ணீர் இடைவேளை கொடுங்கள். 33 என்றால் காற்பந்தையும் நீள ஓட்டத்தையும் நிறுத்திவிடுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் 24 மணி நேரக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் நிகழ்ச்சியைத் தள்ளிவையுங்கள். சிறுவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் வரும் நிகழ்ச்சி இது.

8. பதிவும் பயணமும்

ஒருவருக்கு அதிகம் இரண்டு ஓட்டங்களும் காற்பந்தும் என்று வரம்பு வையுங்கள். ஒரே இளைஞர் ஐந்து போட்டியில் பெயர் கொடுத்துவிட்டு, கூப்பிடும் நேரத்தில் எங்கோ இருப்பார், எல்லாரும் காத்திருப்பார்கள்.

ஞாயிறு காலை முதல் ரயில் வார நாள்களைவிடத் தாமதமாகத்தான் வரும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்றால் பூன் லேயிலிருந்து 179 அல்லது 199 எண் பேருந்து. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் என்றால் கெண்ட் ரிஜ் நிலையம், அல்லது புவன விஸ்தாவிலிருந்து 95. வளாகத்துக்குள் இறங்கிய பிறகும் நடக்க வேண்டியிருக்கும். எந்த நிறுத்தம் என்று படத்தோடு அனுப்புங்கள்.

வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளிலிருந்து வரும் அணிகளை அழைப்பதாக இருந்தால் (கட்டாயம் அழையுங்கள், காற்பந்தின் தரமே உயரும்) அவர்களில் பலருக்கு வாரத்தில் அந்த ஒரு ஞாயிறுதான் ஓய்வு. பேருந்து ஏற்பாடு செய்து, சாப்பாடு கொடுத்து, சொன்ன நேரத்தில் திருப்பி அனுப்புங்கள். சிலருக்கு மதியம் சமையலும் சந்தையும் ஊருக்குப் பேசுவதும் காத்திருக்கும்.

9. அன்று காலை, கதவு திறந்ததும்

முதலில் தடம் முழுவதும் ஒரு சுற்று நடங்கள். இலை, கல், தேங்கிய தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். வளைவின் உட்பாதையில்தான் தண்ணீர் தங்கும். ரப்பர் துடைப்பத்தால் தள்ளிவிட்டாலும் வழுக்கினால் முதல் பாதையை விட்டுவிட்டு ஏழு பேரை ஓடவிடுங்கள்.

அப்புறம் திடலையும் தடத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த கிழிசலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. கோல் கம்பம், மணல்மூட்டை, கோன்கள் முடிந்த பிறகே பேனரைத் தொடுங்கள். பலர் பேனரில்தான் தொடங்குகிறார்கள், 7 மணிக்கு ஓட ஆள் வந்து நிற்கும்போது கம்பம் இன்னும் கிடங்கில் இருக்கும்.

தண்ணீர் இருக்குமிடம் தடத்துக்கு வெளியே. திடலுக்குள் வெறும் தண்ணீர் தவிர வேறெதுவும் போகக் கூடாது. இனிப்புப் பானம் சிந்தினால் எறும்பு மொய்க்கும். பசியாறலைப் படிகளுக்குப் பின்னால் வையுங்கள். சைவமும் ஹலாலும் தனித்தனி மேசையில் பெயர்ப்பலகையோடு இருக்கட்டும்.

10. ஓட்டத்தைத் தொடங்குவதும் முடிப்பதும்

விசில் சத்தத்தைக் கேட்டு நேரக்கருவியை அழுத்தாதீர்கள். 100 மீட்டரைக் கடந்து சத்தம் வந்துசேர ஏறக்குறைய 0.3 வினாடி ஆகும். விசில் ஊதும் அதே கணத்தில் கொடியைக் கீழே இறக்குங்கள், நேரம் பார்ப்பவர்கள் கொடியைப் பார்த்து அழுத்தட்டும்.

முதலிடத்துக்கு மூன்று பேர் நேரம் பார்த்தால், இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம். மூன்றும் வேறுவேறு என்றால் நடுவில் உள்ளது. கையால் எடுத்த நேரத்தை மேல்நோக்கிப் பத்தில் ஒரு வினாடிக்கு முழுமையாக்க வேண்டும்: 13.41 என்றால் 13.5 என்று எழுதுங்கள்.

யார் முதலில் என்பதைத் தீர்மானிப்பது உடலின் நடுப்பகுதி. கை, தலை, கால் கணக்கில்லை. முடிவுக் கோட்டுக்கு நேராக, தடத்திலிருந்து தள்ளி, முக்காலியில் ஒரு கைப்பேசியை நிறுத்தி மெதுவியக்கத்தில் பதிவு செய்யுங்கள். கோட்டுக்குக் கொஞ்சம் சாய்வாக வைத்தாலும் பக்கத்தில் ஓடுபவர் முந்தியதுபோல் தெரியும். வாக்குவாதம் வந்தால் அந்தப் படத்தை நடுவர்கள் மட்டும் பார்த்து முடிவு சொல்லட்டும், பெற்றோர் கூட்டம் கூடிப் பார்க்க வேண்டாம்.

1,600 மீட்டரில் எண்ணுவதுதான் சிக்கல். இரண்டாம் சுற்றிலேயே வேகமாக ஓடுபவர்கள் மெதுவாக ஓடுபவர்களை ஒரு முழுச் சுற்று முந்தத் தொடங்கிவிடுவார்கள். நான்கு ஓட்டக்காரருக்கு ஓர் எண்ணுபவர் என்று ஒதுக்குங்கள். மணியை முதலில் வருபவருக்கு மட்டும் அடிக்காமல், அவரவர் கடைசிச் சுற்றில் அவரவருக்கு அடியுங்கள்.

தொடர் ஓட்டத்துக்கு 10 நிமிடம் முன்பே ஓட்டக்காரர்களை அவரவர் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். எதிர்ப்பக்கம் போய்ச்சேர நேரமாகும். கோல் எங்கே கைமாறுகிறது என்பதை வைத்துத்தான் தீர்ப்பு, ஓடுபவரின் கால் எங்கே என்பதை வைத்து அல்ல. கோலைக் கொடுத்தவர் தன் பாதையிலேயே நின்று, எல்லாரும் போன பிறகு வெளியே வரட்டும். உடனே உள்ளே ஓடினால் அடுத்த பாதைக்காரர் மேல் மோதுவார்.

11. அடிபட்டால், மயங்கினால்

வெப்பத்தால் ஒருவர் குழறிப் பேசினால், நடை தள்ளாடினால், அவரைக் குளிர்விப்பதுதான் முதல் வேலை. நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி, விசிறி, அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டி வையுங்கள். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 995ஐ அழைக்கட்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

பல்கலைக்கழக வளாகங்கள் பெரியவை. 995இல் பல்கலைக்கழகப் பெயரை மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸ் தவறான வாயிலுக்குப் போகும். அரங்கத்தின் சாலைப் பெயரையும் வாயிலையும் அட்டையில் எழுதி எல்லாத் தொண்டூழியர் கழுத்திலும் தொங்கவிடுங்கள். அடுத்த அழைப்பு வளாகப் பாதுகாவலருக்கு, தடுப்புக் கம்பியைத் திறந்து வழிகாட்ட அவர்கள்தான் வேண்டும். இதயத்துடிப்பு மீட்புக் கருவி எந்தச் சுவரில் இருக்கிறது என்பதைக் காலையிலேயே இருவர் நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும்.

12. திடலைத் திருப்பிக் கொடுப்பது

கடைசி ஓட்டத்துக்கும் பதிவு நேரம் முடிவதற்கும் இடையே 40 நிமிடம் விடுங்கள். பரிசளிப்பு நடக்கும்போதே ஒரு குழு கோன்களை எடுக்கட்டும், எல்லாரும் பரிசு பார்த்துவிட்டுத் தொடங்கினால் அடுத்த பதிவுக்காரர்கள் வந்து நிற்பார்கள். மணல்மூட்டையை இழுக்காமல் தூக்குங்கள். தரையில் ஒட்டிய நாடாவின் பசை தங்காமல் உரித்தெடுங்கள். ஐந்து பேர் கைக்கெட்டும் இடைவெளியில் வரிசையாக நின்று திடலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தால் மூடி, ஒட்டுத்தாள், குழந்தையின் காலுறை எல்லாம் கிடைத்துவிடும்.

காலையில் எடுத்த அதே கோணங்களில் மறுபடி படம் எடுத்து, அரங்க ஊழியரையும் கூட அழைத்துப்போய்க் காட்டுங்கள். ஏதாவது கிழிந்திருந்தால் அவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லுங்கள். அன்றிரவே முடிவுப் பட்டியலைக் குழுவில் போட்டுவிட்டு, கோடுகளின் படங்களையும் நேர வரிசையையும் அடுத்த ஆண்டுப் பொறுப்பாளருக்கு ஒரே கோப்பாக அனுப்பிவிடுங்கள்.